தரைப்பாலத்துக்கு ஒரு ஆள்

ஆத்துவலசு,
பிரஜோற்பத்தி வருஷம், பங்குனி 12

தம்பி மயில்சாமிக்கு அக்கா வள்ளியாத்தாள் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் சுகம். அங்கே நீயும் வசந்தாமணியும் சுகந்தானே?

நேற்று மத்தியானம் கந்தன் நம் வாசலுக்கு வந்து நின்றான். தரைப்பாலத்துக் காவல் கந்தன், அதே கிழிந்த காக்கிக் கோட்டும் தலைப்பாகையுமாக. ஒரு கையில் சிவப்புக் கொடி, இன்னொரு கையில் தாலூகா போர்டார் கொடுத்த பித்தளை வில்லை, மடியில் ஒரு காகிதம். "பண்ணாடிச்சி, வார மாசத்துல இருந்து எனக்கு வேலை இல்லைன்னு போர்டுல இருந்து காயிதம் வந்திருக்குதுங்க. கொடியையும் வில்லையையும் யாருகிட்டக் குடுக்கோணும்னு போட்டிருக்குதுங்களா, பாத்துச் சொல்லுங்க" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் படித்துப் பார்த்தேன். ஓவர்சியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அடியில் வைஸ் பிரசிடெண்டு என்று உன் கையெழுத்து இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

நீ இந்த ஆற்றைக் காருக்குள் இருந்துதான் பார்த்திருக்கிறாய். நான் இந்தக் கரைக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. திருமணிமுத்தாற்றில் முக்கால் வருஷம் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இருக்காது. ஆனால் சேர்வராயன் மலையில் ஒரு மழை கொட்டினால் போதும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பாலத்தின் மேல் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வந்துவிடும். கந்தன் அதை முன்னாலேயே கண்டுகொள்வான். எப்படி என்று ஒருநாள் கேட்டேன். "தண்ணி வாரதுக்கு முன்னால ஆறு ஒரு நிமுசம் நின்னாப்பல இருக்குமுங்க. அப்பறம் சருகு வருமுங்க. சருகு வந்தா கொடியைத் தூக்கிருவேன்" என்றான். அவன் கொடியைத் தூக்கினால் உன் மச்சான் வண்டியும் நிற்கும், கலெக்டர் கார் வந்தாலும் நிற்கும். பதினோரு வருஷத்தில் இந்தப் பாலத்தில் ஒரு உயிர் போனதில்லை.

தெரியாமல் கையெழுத்துப் போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். தெரிந்தபின் மாற்றிவிடுவாய் என்றும் நினைக்கிறேன்.

வள்ளியாத்தாள்

----

புளியம்பேட்டை,
2-4-1932

அக்கா அவர்களுக்குத் தம்பி மயில்சாமி நமஸ்காரம். க்ஷேமம். தங்கள் கடிதம் கிடைத்தது.

தெரியாமல் போட்ட கையெழுத்து அல்ல. தங்களிடம் மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

உலகம் முழுக்க விலைவாசி விழுந்து கிடக்கிறது. நம் கடலை என்ன விலைக்குப் போயிற்று என்பது மச்சானுக்குத் தெரியும். டில்லி சர்க்காருக்கு வரவு குறைந்தது. அவர்கள் மதராஸுக்குக் கொடுப்பதைச் சுருக்கினார்கள். மதராஸ் சர்க்கார் உத்தியோகஸ்தர் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து வெட்டினார்கள். போர்டுகளுக்குக் கொடுத்துவந்த கிராண்டில் பாதியை நிறுத்திவிட்டார்கள். எங்களுக்குக் கீழே சுருக்குவதற்கு யார் இருக்கிறார்கள்? ரோடு, பள்ளிக்கூடம், மருந்து, காவல் இவைதான் இருக்கின்றன. நிதிக் கமிட்டிக்கு நான் தலைவன். மூன்று நாள் உட்கார்ந்தோம். நான்கு ஆரம்பப் பள்ளிகளை மூடினோம். மலையடிவாரத்து மருத்துவச்சியை நிறுத்தினோம். மொத்தம் பதினோரு வேலைகள். கந்தன் பெயர் வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். வருஷத்தில் முந்நூறு நாள் அந்த ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று ஓவர்சியர் குறிப்பு எழுதியிருந்தார். அது பொய் இல்லையே. அவனை வைத்துக்கொண்டால் ஐந்தாவதாக ஒரு பள்ளிக்கூடம் போகும். தாங்கள் என் இடத்தில் இருந்தால் எதை வெட்டுவீர்கள்?

பாலத்தைக் கைவிட்டுவிடவில்லை. இரண்டு கரையிலும் கல் நட்டு, சிவப்புக் கோடு போட்டு, தண்ணீர் கோட்டைத் தொட்டால் கடக்கக்கூடாது என்று எழுதி வைக்க உத்தரவு போட்டிருக்கிறேன். காலம் நல்லபடியானதும் முதல் காரியமாகக் கந்தனை மறுபடி வைப்போம்.

தம்பி,
மயில்சாமி

----

ஆத்துவலசு,
ஆங்கீரச வருஷம், ஆவணி 10

தம்பிக்கு,

கல் நட்டுவிட்டார்கள். எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. சந்தைக்குப் போகிற வண்டிக்காரர் பத்துப் பேரை நிறுத்தி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஒருவர் மைல்கல் என்றார். ஒருவர் யாரோ சமாதி என்றார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். நம் அய்யன் உனக்கு வைத்த வாத்தியார் தயவில் நான் நாலு எழுத்துக் கற்றேன். எல்லாருக்கும் அது வாய்க்குமா? நீ மூடிய நாலு பள்ளிக்கூடத்தையும் இந்தக் கல்லையும் ஒரே கடிதத்தில் எழுதினாய். அதை நினைத்துப் பார்த்தாயா?

கந்தன் இப்போது கூலிக்குப் போகிறான். நாமகிரிப்பேட்டைப் பக்கம் கல் உடைக்கப் போனான். வடக்கே மலைமேல் கறுத்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுகிறான் என்று அங்கே நிறுத்திவிட்டார்கள். இப்போது நம் மேட்டுக்காட்டில்தான் களை வெட்டுகிறான். மழை தெரிந்தால் நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே போய்ப் பாலத்தில் நின்றுகொள்கிறான். துண்டை அவிழ்த்து ஆட்டுகிறான். போன வாரம் பஸ்காரன் ஒருவன் இறங்கி, "உனக்கு யாருடா அதிகாரம் குடுத்தது?" என்று அறைந்துவிட்டான். நான் வருத்தப்பட்டுக் கேட்டதற்கு, "கொடி இருந்தா நான் போர்டுங்க. கொடி இல்லைன்னா வெறுங் கந்தன். வெறுங் கந்தன் சொன்னா யாரு நிப்பாங்க?" என்றான். அவன் மனைவி சின்னாயி பக்கத்தில் நின்றாள்.

இரண்டு கரையிலும் நிலக்காரர் வீடு பத்து இருக்கிறது. வீட்டுக்கு மாசம் இரண்டு வள்ளம் கம்பு கொடுத்தால் அவன் பாலத்தை விட்டு நகர வேண்டாம். இதை உன் மச்சானிடம் சொன்னேன். நல்ல யோசனை என்றார், அக்கரையில்கூடப் பேசினார். ஒரு வாரம் போனது. பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிறார். காரணம் தெரியவில்லை.

சம்பளம் வேண்டாம், தம்பி. கொடியையாவது திருப்பிக் கொடுக்கச் சொல்.

வள்ளியாத்தாள்

----

ஆத்துவலசு,
ஐப்பசி 16

தம்பிக்கு,

உனக்குத் தந்தி வந்திருக்கும். போர்டுக்கும் எழுதியிருப்பார்கள். நான் கண்டதை எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் சந்தை நாள். வெயில் அடித்தது. கந்தன் மேட்டுக்காட்டில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தான். நானும் சின்னாயியும் அங்கேதான் இருந்தோம். திடீரென்று நிமிர்ந்தான். "ஆறு நின்னிருச்சு" என்றான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கையில் இருந்த செடியோடு ஓடினான். காட்டிலிருந்து பாலத்துக்கு அரை மைல்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சந்தையிலிருந்து திரும்பிய வண்டி ஒன்று பாலத்தின் நடுவில் இருந்தது. தண்ணீர் அச்சுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. வண்டியில் ஐந்து பேர். கந்தன் இறங்கி நம் ஊர்க் குஞ்சம்மாளின் மகளைத் தூக்கிவந்து கரையில் விட்டான். மறுபடி போய் வண்டிக்காரப் பச்சமுத்துவை இழுத்து வந்தான். இரண்டாம் தரம் வந்தபோது அவன் உதடெல்லாம் நீலம். சின்னாயி அவன் கையைப் பிடித்தாள். "இன்னொருத்தி நிக்கறா பாரு" என்று கையை உதறிவிட்டு இறங்கினான். அந்த இன்னொருத்தி குஞ்சம்மாள்தான். அவன் அவளைத் தொட்டதைப் பார்த்தேன். பிறகு வண்டி புரண்டது.

குஞ்சம்மாள், அவள் மாமியார், கந்தவேல் என்ற நெசவுக்காரர், கந்தன். மூன்று பேர் உடலை நேற்று எடுத்துவிட்டார்கள். கந்தன் மட்டும் கிடைக்கவில்லை. சின்னாயி கரையோடு நடந்துகொண்டே இருக்கிறாள்.

நீ நட்ட கல்லைத் தண்ணீர் மூடியிருந்தது. எழுத்தைப் படிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

வள்ளியாத்தாள்

----

புளியம்பேட்டை,
20-11-1932

அக்கா அவர்களுக்கு,

உடனே எழுத முடியவில்லை. மன்னிக்க வேண்டும்.

போர்டில் இதைப் பற்றி விவாதம் நடந்தது. சின்னாயிக்கு ஏதாவது உபகாரச் சம்பளம் கொடுக்கலாமா என்று கேட்டேன். கந்தன் இறந்த தேதியில் போர்டு சிப்பந்தி அல்ல, ஆகையால் சட்டப்படி இடமில்லை என்று குறிப்பு வந்தது. குறிப்பு சரியானதுதான். அவனைச் சிப்பந்தி இல்லாமல் ஆக்கியவன் நான்தானே என்று அங்கே சொல்ல வாய் வரவில்லை. என் சொந்தப் பணத்தில் கொஞ்சம் அனுப்புகிறேன். தாங்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள்.

விசாரணைக்காக ஓவர்சியரோடு போனவாரம் வந்திருந்தேன். தங்கள் வீட்டுக்கு வரவில்லை. வர முடியவில்லை. பாலத்துக்கு நூறு கெஜம் முன்னால் டிரைவர் தானாகவே காரை நிறுத்தினான். ஏன் நிறுத்தினாய் என்றேன். "யாரோ நில்லுங்கன்னாங்களே சாமி" என்றான். ஓவர்சியருக்கு எதுவும் கேட்கவில்லையாம். ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான். இறங்கி நடந்தே தாண்டினேன். கேட்காதது ஓவர்சியருக்கு மட்டுந்தான், அக்கா.

தம்பி,
மயில்சாமி

----

ஆத்துவலசு,
கார்த்திகை 15

மயில்சாமிக்கு,

நீ அனுப்பிய பணம் இதோடு திரும்பி வருகிறது. சின்னாயி தொடமாட்டேன் என்றுவிட்டாள்.

உன் மச்சானுடைய பெட்டியில் பட்டா தேடும்போது ஆடி மாசத்தில் நீ அவருக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. "கந்தனுக்கு ஊரார் தானியம் கொடுக்கும் ஏற்பாடு வேண்டாம். இன்றைக்கு ஒரு பாலத்துக்குக் கொடுத்தால் நாளைக்கு ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நிலக்காரர் தலையில்தான் விழும். போர்டுக்கும் அது அவமானம்." உன் எழுத்துத்தான். நீயும் கொடுக்கமாட்டாய், கொடுக்கிறவனையும் விடமாட்டாய். உன் மச்சான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் நான் பேசி நாலு நாள் ஆகிறது. உன்னிடம் பேச எனக்கு எதுவும் இல்லை.

கடிதம் போடாதே.

வள்ளியாத்தாள்

----

புளியம்பேட்டை,
6-8-1933

அக்கா அவர்களுக்கு,

போடாதே என்றீர்கள். எட்டு மாதம் போடவில்லை. தங்கள் வாசற்படி ஏறும் யோக்கியதை இல்லை என்றும் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தைத் தங்களைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியவில்லை.

போன மாதம் இரண்டு பஸ் சர்வீஸ்காரர்கள் போர்டுக்கு மனுக் கொடுத்தார்கள். ஆத்துவலசுத் தரைப்பாலத்தில் மழை நாளில் செத்துப்போன காவல்காரன் நிற்கிறானாம். காக்கிக் கோட்டு, தலைப்பாகை, கையில் ஏதோ சிவப்புத் துணி. பாலத்தின் நடுவில் நிற்கிறான், முகத்தைக் காட்டுவதில்லை, கையைத் தூக்குகிறான். டிரைவர்கள் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிரயாணிகள் அழுகிறார்களாம். போர்டார் சாந்தி செய்து, பேயை ஓட்டித் தரவேண்டும் என்று மனு. கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர்கள் சொன்ன மூன்று தேதிகளையும் மழைப் புத்தகத்தில் பார்த்தேன். மூன்று நாளும் மலையில் மழை. மூன்று நாளும் பாலத்தின் மேல் வெள்ளம் போயிருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தாங்கள் பார்த்தீர்களா? கந்தன்தானா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சென்ற வருஷம் தங்களுக்கு எழுதிய கடிதத்தில் எதை வெட்டுவீர்கள் என்று கேட்டேன். அது நேர்மையான கேள்வி அல்ல. வெட்டாமலே இருக்க ஒரு வழி இருந்தது. நிலத்தீர்வையோடு சேர்த்து நிலக்காரரிடம் போர்டு வாங்குகிற செஸ்ஸைச் சிறிது உயர்த்தினால் பதினோரு பேரில் ஒருவரையும் நிறுத்த வேண்டாம் என்று ஹெட்குமாஸ்தா கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தத் தாளை நான் கட்டுக்கு அடியில் வைத்தேன். கமிட்டியில் யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வேண்டாம் என்றிருப்பார்கள். மெம்பர்கள் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் நிலக்காரர். எனக்கே நாற்பது ஏக்கர். டில்லி வெட்டியது, மதராஸ் வெட்டியது என்று தங்களுக்கு எழுதினேன். அது வாஸ்தவந்தான். ஆனால் கடைசியில் அந்த வெட்டு யார் தலையில் விழவேண்டும் என்று தீர்மானித்தது டில்லி அல்ல.

அந்தத் தாள் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. வசந்தாமணி கோவிலுக்குப் போய்வரச் சொல்கிறாள். போனேன். அங்கேயும் நில்லுங்க என்றுதான் கேட்கிறது.

தம்பி,
மயில்சாமி

----

ஆத்துவலசு,
ஸ்ரீமுக வருஷம், புரட்டாசி 9

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பிரிக்காமல் ஒரு மாசம் வைத்திருந்தேன். பிரித்தபின் ஒரு வாரம் பதில் எழுதவில்லை. நேற்று நடந்ததால் எழுதுகிறேன்.

அந்தப் பேச்சு இங்கேயும் இருந்தது. ஆனியிலிருந்தே மேகம் கறுத்தால் யாரும் பாலத்துப் பக்கம் போவதில்லை. வண்ணார்கூடத் துறையை மாற்றிக்கொண்டார்கள். உன் மச்சானே ஒருநாள் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். மூன்று நாள் காய்ச்சலாகக் கிடந்தார். "கந்தனேதான். நான் பண்ணுனதுக்கு என்னையத்தான் பாக்கறான்" என்று பிதற்றினார். நான் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

நேற்று காலை வெயில். பத்து மணிக்கு மலையின்மேல் கறுத்தது. நான் தனியாகப் போனேன். பயமாகத்தான் இருந்தது. பாலத்தின்மேல் தண்ணீர் இன்னும் வரவில்லை. நடுவில் அவன் நின்றான். அதே கோட்டு, அதே தலைப்பாகை, முதுகு எனக்கு. ஆற்றையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றான். கந்தா என்று கூப்பிட வாயெடுத்தேன். ஆறு ஒரு நிமிஷம் நின்றது, தம்பி. முதல் முறையாக அது எனக்கே தெரிந்தது. உடனே கை மேலே போனது. அந்தக் கையில் வளையல் இருந்தது.

சின்னாயி.

தண்ணீர் ஏறுவதற்குள் அவள் கரைக்கு வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். போர்டார் கொடியையும் வில்லையையும் வாங்கிக்கொண்டார்கள். கிழிந்த கோட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதைத்தான் போட்டிருந்தாள். சிவப்புத் துணி அவளுடைய கல்யாணச் சேலையில் கிழித்தது. உடல் கிடைக்கவில்லை என்று வளையலை அவள் இன்னும் கழற்றவில்லை.

"ஏன் சின்னாயி இப்படி?" என்றேன்.

"பதினோரு வருசம் அவருக்குச் சோறு கொண்டாந்து இங்கியே குக்கி உக்காந்திருப்பனுங்க பண்ணாடிச்சி. தண்ணி வாரது எனக்குந் தெரியுமுங்க."

"அதைச் சொல்லி நிறுத்தக்கூடாதா? வேஷம் எதுக்கு?"

"அவரு உசுரோட நின்னு கத்துனப்பவே அறைஞ்சாங்க. நான் பொம்பளை, அதுலயும் ஊருக்கு அந்தாண்ட இருக்கற எங்க வளவுப் பொம்பளை. நான் நில்லுன்னா நிப்பாங்களா? செத்தவன் நில்லுன்னா நிக்கறாங்க."

பிறகு கேட்கக்கூடாததைக் கேட்டேன். "நீ கந்தனை எப்பவாச்சும் பார்த்தாயா?"

அவள் ஆற்றைப் பார்த்தாள். "இல்லீங்க. பொழுதினிக்கும் பாத்துட்டுத்தான் நிக்கறேன். அவரு வாரதா இருந்தா நான் எதுக்குங்க நிக்கோணும்?"

கோட்டைக் கழற்றிக் கூடைக்குள் வைத்து, மேலே புல்லைப் போட்டு மூடிக்கொண்டு போனாள். நம் காட்டில் கூலிக்கு வருகிறவளும் அவள்தான். பாலத்துக்குப் போன அரை நாளுக்கு உன் மச்சான் கூலி பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

இதை உன்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. பேய் என்று நினைத்தால்தான் நிற்பார்கள். சின்னாயி என்று தெரிந்தால் பாலத்தோடு அவளையும் மிதித்துக்கொண்டு போவார்கள். ஆனால் உனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. நீ கேட்ட குரல் எது என்று எனக்குத் தெரியாது. நீ நிறுத்திய வேலையை யார் செய்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

அந்தத் தாள் மேஜைமேல் கிடந்து என்ன பயன்?

வள்ளியாத்தாள்

----

புளியம்பேட்டை,
28-10-1933

அக்கா அவர்களுக்கு,

தாளை எடுத்துக்கொண்டு போனேன்.

இந்த மாதம் 4-ந் தேதி புதன்கிழமை போர்டு கூட்டம். செஸ்ஸை உயர்த்தச் சர்க்காரிடம் அனுமதி கேட்கும் தீர்மானத்தை நானே கொண்டுவந்தேன். வாசித்து முடிப்பதற்குள் கூச்சல். முத்தநாயக்கன்வலசு மெம்பர் எழுந்து, "கடலை வெலை போன போக்கு உங்களுக்குத் தெரியாதுங்களா? இப்பப் போயி செஸ்ஸை ஏத்துனா ஊருக்குள்ள நாம தலை காட்ட முடியுமுங்களா?" என்றார். கிராண்டை வெட்டிய சர்க்காரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டால் போதும் என்றார் இன்னொருவர். அதையும் போடுவோம் என்றேன். கண்டித்துத் தீர்மானம் போட்டால் மதராஸுக்குப் போகும். அது ஆற்றில் போய் நிற்காது என்றேன்.

பிறகு நான்கு பேரின் பெயரையும் படித்தேன். குஞ்சம்மாள், அவள் மாமியார் அத்தாயி, கந்தவேல், கந்தன். "இந்தத் தாள் போன வருஷமே என் கையில் இருந்தது. நான்தான் அடியில் வைத்தேன். உங்கள் கண்ணில் படாமல் செய்தது நான்" என்றேன். யாரோ கால் மாற்றி உட்காருகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆறு பேர் கை தூக்கினார்கள். ஆறு பேர் தூக்கவில்லை. பிரசிடெண்டு வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ஆவணி மாசம் என் காரும் அங்க நின்னுதுங்க. சிவப்புத் துணியைப் பாத்தேன். ஆளைப் பாக்க எனக்குத் தைரியம் வல்லை" என்று சொல்லிவிட்டு, தன் ஓட்டைத் தீர்மானத்துக்குப் போட்டார். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தோற்றிருப்போம்.

எல்லாம் திரும்பிவிடவில்லை. நான்கு பள்ளிகளில் இரண்டைத்தான் திறக்க முடியும். மலையடிவாரத்து மருத்துவச்சி வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டாள். அவள் இல்லாத காலத்தில் அங்கே என்ன ஆயிற்று என்று விசாரிக்க இனிமேல்தான் போகவேண்டும். பதினோரு வேலையில் ஆறு மறுபடி உண்டு. செஸ் அனுமதி வரும்வரை காவல் சம்பளம் என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பாலத்துக்கு மூன்று பேரை நியமித்துப் பார்த்தோம். மூவரும் கந்தன் நிற்கிற இடத்தில் நிற்கமாட்டோம் என்று ஓடிவிட்டார்கள். ஆகையால் ஒன்று கேட்கிறேன். தீர்மானத்தில் "ஆத்துவலசுத் தரைப்பாலத்துக்கு ஒரு ஆள்" என்று இருக்கிறது. ஆண் என்று இல்லை. அந்த வரியை எழுதியவன் நான். சின்னாயி சம்மதிப்பாளா? கொடியும் வில்லையும் இதோடு வருகின்றன. கேட்க வேண்டியவன் நான்தான். ஆனால் அவள் முகத்துக்கு நேரே நிற்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

தம்பி,
மயில்சாமி

----

ஆத்துவலசு,
கார்த்திகை 6

தம்பிக்கு,

கேட்டேன். வேண்டாம் என்றாள். "கோட்டைக் கழட்டிட்டு நின்னா நான் சின்னாயிதானுங்க. எனக்குக் கொடி குடுத்தீங்க, செரி. அவுங்களுக்குக் கண்ணு யாரு குடுப்பாங்க?" என்றாள். கொடியையும் வில்லையையும் அவள் குடிசையில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

திங்கட்கிழமை மலை கறுத்தது. நான் வெளியே வந்தபோது அவள் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். கோட்டு இல்லை. சாதாரணச் சேலை, தோளில் வில்லை, கையில் கொடி. பாலத்தின் இக்கரைத் தலைப்பில் நின்று தூக்கிப் பிடித்தாள்.

முதலில் வந்தது மஞ்சள் மூட்டை வண்டி ஒன்று. "ஏம் புள்ளே, தள்ளி நில்லு" என்றான் வண்டிக்காரன். அவள் தள்ளவில்லை. "தண்ணி வருதுங்க" என்றாள். "தண்ணியைக் காணோம், நீதான் நிக்கறே" என்று சாட்டையை எடுத்தான். பின்னால் இன்னும் இரண்டு வண்டி சேர்ந்துவிட்டது. எல்லாரும் சத்தம் போட்டார்கள். அவள் கை அப்படியும் இறங்கவில்லை.

நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. இருபத்துமூன்று வருஷத்தில் அவள் பக்கத்தில், தோளோடு தோளாக நான் நின்றதில்லை. வண்டிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். நாலாவது வண்டி நம்முடையது. உன் மச்சான் உட்கார்ந்திருந்தார். நான் அவரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சின்னாயியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இறங்கி, மாட்டை அவிழ்த்து, நுகத்தைக் கீழே வைத்தார். "அவ போர்டு ஆளு. அவ சொன்னா நிக்கோணும்" என்று மற்றவர்களிடம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சருகு வந்தது. அதன் பின்னாலேயே ஆறு வந்தது.

இரண்டு மணி நேரம் நின்றோம். மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வடிந்து கருங்கல் தெரிந்ததும் எல்லாரும் மாட்டைப் பூட்டினார்கள். சின்னாயி கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டு, தானே முதலில் இறங்கினாள். ஒவ்வொரு கல்லாகக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். நடுவில், வண்டி புரண்ட இடத்தில், குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டாள். எதையோ தேடுகிறவள் போல அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். இத்தனை பேரும் அவளுக்காகக் காத்து நின்றோம். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு வெறுங்கையோடு நிமிர்ந்து, திரும்பி, எங்களைப் பார்த்து "வாங்க" என்றாள்.

நீயும் வா, தம்பி. மழை இல்லாத நாளில் வராதே. மழை நாளில் வந்து, அவள் கொடிக்கு நின்று, அவள் கூப்பிட்டபின் தாண்டி வா.

அக்கா,
வள்ளியாத்தாள்